ஒன்று நீ, ஒன்று நான்

அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் நாற்காலிக்கு அடியில் ஆடிக்கொண்டிருக்கும். பல் தேய்த்தபடியே வீட்டை ஒரு சுற்று சுற்றி வருவாள். திரும்பி வரும்போது கையில் துணி கிளிப் இருக்கும், பிரஷ்ஷை எங்கே வைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கணவனின் அக்கா அவளுக்கு வைத்த பெயர் சக்கரம். தன் தம்பிக்கு அதே அக்கா எப்போதோ வைத்திருந்த பெயர் ஊமை. "ஒன்னு நிக்காது, இன்னொன்னு பேசாது. பாத்துப் பாத்துல்ல சேர்த்து வெச்சிருக்கோம்!" என்று கல்யாணத்தன்றே சொல்லிச் சிரித்த மகராசி அவள்.

சக்கரத்துக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. இடுப்பில் கருவிப் பையோடு விடிந்ததும் கிளம்பினால் நகரத்தின் பாதிக் கட்டடங்களுக்கு ஏறி இறங்கிவிட்டு மதியம் திரும்புவாள். ஊமைக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைக்கும் வேலை. மதியம் போனால் கடை மூடித்தான் வருவான். அவன் சட்டைக்குப் பட்டன் போடும் நேரமும் அவள் பூட்ஸ் கழற்றும் நேரமும் எங்கே ஒன்றாகச் சேர்கிறதோ, அதுதான் அந்த வீட்டில் குடும்பம் நடக்கும் நேரம்.

அந்தக் கேமராவை அவன்தான் பழைய சாமான் கடையிலிருந்து கொண்டுவந்தான். உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஆனால் இரும்புக் கனம். லென்ஸைச் சுற்றி ஈயின் கண் மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு கண்ணாடி வளையம். பேட்டரியே கிடையாது, வெளிச்சம் போதவில்லை என்றால் பார்க்கும் ஓட்டைக்குள் சிவப்பு நாக்கு ஒன்று எட்டிப் பார்க்கும், பட்டன் அழுந்தாது. லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. கடையில் மூக்குக் கண்ணாடி துடைக்கும் திரவத்தை வைத்தே ஒரு வாரம் உட்கார்ந்து அதை எடுத்துவிட்டான்.

"இது பாதிப் படம் எடுக்கிற கேமரா," என்றான்.

"ஏன், மீதிப் படத்த யார் எடுப்பா?"

அவன் சிரிக்கவில்லை. அதுதான் விஷயமே என்பதுபோல அவளைப் பார்த்தான். மற்றக் கேமராக்களில் ஒரு படம் விழும் இடத்தில் இதில் இரண்டு படம் விழும். முப்பத்தாறு படத்துக்கான ரோலில் எழுபத்திரண்டு எடுக்கலாம். ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்தால் இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பிரிண்ட்டாகப் போட்டுத் தருவார். நடுவில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் ஓடும்.

"ஒன்னு நீ எடு. அடுத்தது நான். மறுபடி நீ," என்றான். அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் பார்த்து நாளாயிற்று. "காலைல போகும்போது நீ எடுத்துட்டுப் போ. மதியம் என்கிட்ட கொடு. ஒரு நாளைக்கு ஒன்னோ ரெண்டோ. முடியும்போது முடியட்டும்."

எழுபத்திரண்டு. ஒரு பாட்டை முழுதாகக் கேட்காதவளுக்கு அந்த எண்ணே மூச்சு முட்டியது. ஆனாலும் சரி என்றாள். என்னவோ, அவன் ஒன்றைக் கேட்பதே அபூர்வம்.

அன்றிலிருந்து வாசல் பக்கத்துக் கொக்கியில் சாவிகளோடு கேமராவும் தொங்கியது. அவள் எதையாவது எடுப்பாள்: திறந்து கிடக்கும் கன்ட்ரோல் பெட்டி, மாடிப்படி, பத்தாவது மாடி ஜன்னலில் ஒட்டிய புறா இறகு. மதியம் பூட்ஸைக் கழற்றும்போது அவன் கேட்பான், "இன்னிக்கு என்ன?"

"மாடிப்படி."

"மேலேர்ந்தா, கீழேர்ந்தா?"

"கீழேர்ந்து."

"கைப்பிடி எந்தப் பக்கமா முடியுது?"

"ஐயோ, வலது பக்கம்னு வெச்சுக்கோங்க. போலீஸ் விசாரணையா இது?"

அவன் தலையாட்டிவிட்டுக் கேமராவை மாட்டிக்கொண்டு போய்விடுவான். அவன் என்ன எடுத்தான் என்று இவள் கேட்டால், "வரும்போது பாத்துக்கலாம்" என்பான். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று கேட்கிறான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ரோல் கால்வாசி ஓடியிருந்தபோதுதான் கப்பல் வந்தது. ஊர் ஊராகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சுற்றும் பெரிய கப்பல். அதற்குள் பதினாறு லிஃப்ட். கடலிலும் லிஃப்ட் மாட்டிக்கொள்ளும், கடலிலும் ஆட்கள் உள்ளே இருந்து கத்துவார்கள், பழுது பார்க்க ஆள் வேண்டும். கூட வேலை பார்த்தவன் விளையாட்டாகச் சொன்னான். அவளும் விளையாட்டாகத்தான் விண்ணப்பம் போட்டாள். துறைமுக அலுவலகத்திலிருந்து நேரில் வரச் சொன்னபோதுதான் அது விளையாட்டாக இல்லாமல் போனது. இரண்டு வருஷ ஒப்பந்தம். நடுவில் ஒரு முறை விடுப்பு.

வீட்டில் சொல்லவில்லை. கிடைக்காத வேலைக்கு வீட்டைக் கலக்குவானேன் என்பது முதல் சமாதானம். அது கிடைத்ததும், வேறொரு சமாதானம் தேவைப்பட்டது. உண்மை இதுதான்: அவன் வேண்டாம் என்றால் அவளுக்குக் கோபம் வரும். சரி என்றால் அதைவிட அதிகமாக வரும். அவன் சரி என்பான் என்றுதான் அவள் பயந்தாள். அவனுடைய சரிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

நேர்முகத்துக்குப் போன அன்று கேமரா பையில் இருந்தது. கப்பல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. பக்கவாட்டில் ஏணிப் பாலம் சாய்ந்து இறங்கியது. கை தானாகக் கேமராவை எடுத்தது, விரல் தானாக அழுத்தியது. அழுத்திய பிறகுதான், மதியம் அவன் கேட்பானே என்பது ஞாபகம் வந்தது.

மதியம் அவன் கேட்டான், "இன்னிக்கு என்ன?"

"லிஃப்ட் ஷாஃப்ட். மேலேர்ந்து கீழ பாத்து. ஒரே இருட்டு, டார்ச் வெளிச்சத்துல கம்பி வடம் மட்டும் பளபளன்னு இறங்குது."

பொய் இவ்வளவு அழகாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அவன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றான்.

"நேர் கீழயா?"

"நேர் கீழ."

"வடம் நடுவுலயா, ஓரமாவா?"

"நடுவுல. நேரமாகல உங்களுக்கு?"

அடுத்த வாரம் உடல் பரிசோதனை. காத்திருக்கும் அறையில் வரிசையாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துவிட்டு, வீட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மேகம் என்றாள். பிறகு, கப்பலுக்கென்று அளவு பார்க்கக் கொடுத்த முனை தடித்த பூட்ஸ் ஜோடி. அதற்கு, சுவரில் வெயில் என்றாள். நடுநடுவே அவசரத்தில் எதை எடுத்தோம் என்பதே மறந்துபோய் வாய்க்கு வந்ததைச் சொன்ன நாட்களும் உண்டு. எப்படியும் படம் கழுவி வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். எழுபத்திரண்டு என்பது முதல் தடவையாக அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் எண் ஓடியது. கேமராவின் மேலே உள்ள சின்ன ஜன்னலில் ஐம்பது தாண்டியது, அறுபது தாண்டியது. துறைமுக அலுவலகத்து அம்மா ஃபோன் செய்து, வரும் புதன்கிழமைக்குள் பதில் சொல்லவில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்றாள். சக்கரம் அன்று ஒரே லிஃப்ட்டின் கதவை மூன்று முறை கழற்றி மாட்டினாள். கட்டடக் காவலாளி, "என்ன மேடம், உள்ள புதையல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

ஒரு மதியம் அவன் போன பிறகு கேமரா வீட்டிலேயே தொங்கியது. அவன் முறை, மறந்துவிட்டுப் போயிருந்தான். அவள் அதைப் பார்த்தாள். அடுப்பைத் துடைத்தாள், திரும்ப வந்து பார்த்தாள். காய்ந்த துணிகளை மடித்தாள், மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். பின்பக்க மூடியில் ஒரு சின்னக் கொக்கி. இழுத்தால் திறந்துகொள்ளும், வெளிச்சம் பாயும், கப்பல் போய்விடும். பழைய கேமராதானே, மூடி தானாகத் திறந்துகொண்டது என்றால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

அவனுடைய படங்களும் போய்விடும் என்ற நினைப்பு அதற்குப் பின்னால்தான் வந்தது. அது வந்தபோது கொக்கியை இழுத்து முடித்திருந்தாள். ஃபிலிம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கணம் வழவழவென்று மின்னியது. டப்பென்று மூடினாள். சாவிகளுக்கு நடுவே கேமராவை இருந்தபடியே தொங்கவிட்டாள்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த படங்களை அவள் எடுத்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே ஆச்சரியம். "என்ன, இன்னிக்கே ரெண்டாவதா?" என்றான். தன் பங்கை அவனும் எடுத்தான். கடைசிப் படம் முடிந்து, அவன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஃபிலிமைப் பின்னால் இழுக்கும் சத்தத்தை அவள் குளியலறையிலிருந்து கேட்டாள்.

கண்ணாடிக் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மறுநாள் புதன். அந்தச் செவ்வாய்க்கிழமை அவளும் லீவு போட்டிருந்தாள். பிரிண்ட் வருவதற்குள், எப்படியாவது, இன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, சொல்ல வேண்டியதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே மூன்று கடை தள்ளிப் போய்ப் பால் வாங்கி வந்தாள். திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேசை முழுக்கப் படங்கள் பரப்பியிருந்தன. அவன் நேற்றே வாங்கி வந்திருக்கிறான்.

"வா," என்றான். "வரிசையாப் பாரு."

முதல் ஜோடி. இடது பக்கம் அவளுடைய கன்ட்ரோல் பெட்டி; கறுப்பும் சிவப்புமாகச் சிக்கிக் கிடந்த ஒயர்கள். வலது பக்கம் அவனுடையது: ஒரு தட்டு நிறைய கண்ணாடி ஃபிரேம்கள், அவற்றின் கம்பிக் கைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி. நடுவில் கோடு இல்லையென்றால் ஒயர் எங்கே முடிகிறது, ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

அடுத்தது மாடிப்படி. கைப்பிடி வலது பக்கமாக மேலேறி, கோட்டைத் தாண்டி, அவன் கடைக் கண்ணாடி மேசையின் விளிம்பாகவே மேலும் ஏறியது. அதற்கடுத்தது புறா இறகு. பக்கத்தில், லென்ஸ் துடைக்கும் துணியின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் நூல், அதே சாய்வில்.

அவளுக்குக் கன்னம் சூடானது. மேலேர்ந்தா, கீழேர்ந்தா? எந்தப் பக்கமா முடியுது? பேச்சுக்காகக் கேட்டவனில்லை. அவள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு போய், அதன் மறு பாதியைத் தேடித் தேடி எடுத்திருக்கிறான்.

"எனக்குத் தெரியாதுங்க. சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ யோசிச்சு எடுப்ப. யோசிக்காம எடுத்தாத்தான் நல்லா இருந்துச்சு." அவன் ஒரு படத்தை விரலால் அவள் பக்கம் தள்ளினான். "இதுக்குத்தான் எனக்கு ஒன்னும் புரியல."

இடது பக்கம் கப்பல். வெள்ளை வெளேரென்று, ஏணிப் பாலத்தோடு, கொடியோடு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கப்பல். வலது பக்கம் நேர் கீழே பார்த்து எடுத்த ஒரு கப்பி. அதிலிருந்து கயிறு நடுவாக இறங்கி இறங்கி, அடியில் எறும்பு மாதிரி இரண்டு ஆட்கள்.

"இது எங்க எடுத்தீங்க?" என்றாள். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று தெரிந்தேதான் கேட்டாள்.

"கடைக்குப் பின்னாடி கட்டடம் கட்டறாங்கல்ல. அங்க. நாலாவது மாடி, சாரத்து மேல."

"நீங்களா? சாரத்து மேலயா?"

"நான்தான். ஸ்டூல் மேல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும்னு உனக்குத் தெரியும். மேஸ்திரி கையப் பிடிச்சு ஏத்திவிட்டார். எறங்கும்போது ரெண்டு பேர் பிடிச்சாங்க. கீழ இருக்கிறவங்கெல்லாம் சிரிக்கிறாங்க. இந்தப் படத்துக்கு உசிரு போனாலும் சரின்னு எடுத்தேன். ஏன்னா இருட்டு, நேர் கீழ, வடம் நடுவுல. நீதான் சொன்ன."

அவள் நின்றபடியே இருந்தாள். வைக்க இடமில்லாமல் பால் பாக்கெட் இன்னும் கையில்.

அவன் மேலும் மூன்றைத் தள்ளினான். பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் மேகம். பூட்ஸுக்குப் பக்கத்தில் வெயில் விழுந்த சுவர். யாரோ ஒரு பெண்ணின் முதுகுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய். "இந்தக் கடைசி எனக்கு ஞாபகமே இல்லங்க. சத்தியமா. அவசரத்துல ஏதோ உளறிட்டேன்," என்றாள். அது உண்மை. ஆனால் மற்ற மூன்றுக்கு நடுவில் அதுவும் பொய்யாகத்தான் கேட்டது.

"இது?"

கடைசிக்கு முந்தின வரிசை. படம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தீப்பிடித்த காகிதம் மாதிரி செம்மஞ்சளாக எரிந்துபோன செவ்வகங்கள். அவற்றுக்கு முந்தியவற்றில் ஓரங்கள் மட்டும் பொசுங்கியிருந்தன. அதற்கும் முந்தியவையும், கடைசியில் அவசரமாக எடுத்தவையும் பளிச்சென்று இருந்தன.

"நடுவுல யாரோ மூடியத் திறந்துட்டாங்கன்னு ஸ்டுடியோக்காரர் சொல்றார். எடுத்த ஃபிலிம் எல்லாம் உள்ள சுருண்டு கிடக்குமாம். வெளிச்சம் மேல் சுத்தத்தான் தின்னும், உள்ள இருக்கிற பழசு தப்பிச்சிடுமாம்."

தினமும் கம்பி வடம் சுற்றிய டிரம்மோடு மாரடிப்பவள் அவள். மேல் சுற்று துருப்பிடிக்கும், அடிச் சுற்று புதுசாகவே இருக்கும் என்று புதுப் பையன்களுக்கு எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருப்பாள். அழிக்க நினைத்த கப்பல் அடியில் பத்திரமாக இருந்தது. மேலே இருந்து எரிந்தவற்றில் ஒரு பொய்யும் கிடையாது.

"நான்தான் திறந்தேன்," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். உருட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. பதினாறு லிஃப்ட்டில் தொடங்கி, பூட்ஸுக்குப் போய், கூட வேலை பார்த்தவனைத் திட்டி, உடல் பரிசோதனைக்குத் திரும்பி, இரண்டு வருஷம் என்பதைக் கடைசியில் வேகமாகச் சொன்னாள்.

"எப்ப பதில் சொல்லணும்?"

"நாளைக்குள்ள."

"போகணுமா உனக்கு?"

"நீங்க என்ன சொல்றீங்களோ..."

"அடிப் பாவி!" அவன் குரல் உயர்ந்தது. அவளுக்கு அந்தக் குரல் புதிது. "நீ சொன்னத நம்பி ஒரு தடவ சாரத்து மேல ஏறிட்டேன். இன்னொரு தடவ ஏற என்னால ஆகாது. உனக்குப் போகணுமா, வேண்டாமா? நேரா சொல்லு."

"போகணும்."

சொன்ன பிறகு, அவனுடைய 'சரி'க்காகக் காத்திருந்தாள். அது வரும், அவன் எழுந்து போய்ச் சட்டை மாட்டுவான், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அவள் கப்பலில் ஏறுவாள்.

"எனக்குப் பிடிக்கல," என்றான்.

அவள் பால் பாக்கெட்டை மேசையில் வைத்தாள். அவன் அதை எடுத்துப் படங்களில் ஈரம் படாமல் தள்ளி வைத்தான்.

"துளிகூடப் பிடிக்கல. மதியம் கதவப் பூட்டிட்டுப் போற வீடு எனக்கு வேண்டாம். ரெண்டு வருஷமும் பிடிக்காமத்தான் இருக்கும். அக்கா வந்து, எங்கடா உன் சக்கரம், கடல்ல உருளுதான்னு கேப்பா. அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

"அப்போ போக வேண்டாம்கிறீங்களா?"

"அப்படி யார் சொன்னா? போ. உனக்குப் போகணும்னா போ. சிரிச்சுக்கிட்டே வழியனுப்புவேன்னு மட்டும் எதிர்பாக்காத. கோபமாத்தான் இருப்பேன். அது இருக்கட்டும், அது என்னோடது."

ஏழு வருஷத்தில் அவன் இவ்வளவு கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. அழுகை வந்தது, வெட்கமே இல்லாமல், கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. எரிந்துபோன வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். செம்மஞ்சளுக்குள் ஏதோ ஒரு வளைவு இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது.

"இதுல உங்களோடது என்னங்க? என்ன எடுத்தீங்க?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன்."

"ப்ளீஸ்ங்க."

"போச்சுன்னா போச்சு. கேக்காத."

சொல்ல மாட்டான். இன்றைக்கு இல்லை, இரண்டு வருஷம் கழித்து வந்து கேட்டாலும் சொல்ல மாட்டான். அதை மட்டும் அவளால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அவன் படங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினான். அவள் ஃபோனை எடுத்து, அவன் எதிரிலேயே நின்று, துறைமுக அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அந்த அம்மா பெயரைச் சரிபார்த்தாள், விண்ணப்ப எண்ணைச் சரிபார்த்தாள், பிறகு எல்லாரிடமும் கேட்பதுபோல், "வீட்ல சொல்லிட்டீங்களாம்மா? அப்புறம் கடைசி நேரத்துல பின்வாங்கக் கூடாது," என்றாள்.

"சொல்லிட்டேன் மேடம்."

"என்ன சொன்னாங்க?"

அவன் அடுக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"பிடிக்கலன்னு சொல்லிட்டார் மேடம்," என்றாள். "நான் வர்றேன்."